துபாஷி எத்தியேன்

புருஷன் செத்ததற்குக் காகிதம் கொண்டுவந்தால்தான் ஓலை வாசிப்பேன் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று ஊருக்கே கேட்கும்படி வாசிப்பார்கள். அது இல்லாமல் தாலி ஏறாது. நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டால் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடியும்வரை யாருக்கும் கல்யாணம் கிடையாது. அப்போது 1947 பிறந்து பொங்கலும் முடிந்திருந்தது, தபசு காலத்துக்கு ஒரு மாதம்தான் பாக்கி.

"ஒம்பது வருஷம் இருந்தவதானம்மா, இன்னும் கொஞ்சம் பொறுத்தா என்ன" என்றார் சாமியார்.

அவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த ஒரு பேச்சுக்காக அவர் மேசைமேல் இருந்த மைக்கூட்டைச் சுவரில் அடித்து உடைத்திருப்பேன். கோபம் எனக்குக் கொஞ்சம் அதிகம். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்கிறவள் இப்படிக் கோபப்படலாமா என்று மதர் அடிக்கடி கேட்பார். படக்கூடாதுதான். ஒன்பது வருஷம் மனைவியாகவும் இல்லாமல் விதவையாகவும் இல்லாமல் இருந்து பார்த்தவள் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் அடைக்கலமேரி. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலில் நேர்ந்து பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பெயர். என்னைக் கட்டியவன் முடியப்பன். கர்த்தர் பிறந்த பண்டிகைக்கு மறுநாள், முடியப்பர் திருநாளன்று பிறந்தவன், அதனால் அவனுக்கு அந்தப் பெயர். கல்யாணமாகி மூன்றாம் மாதம் சைகோனில் ஒரு செட்டியார் கடையில் வேலை என்று புதுச்சேரியில் கப்பல் ஏறினான். இரண்டு கடிதம் வந்தது. பிறகு யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்து நம் பக்கத்துப் பையன்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. காய்ச்சலில் போய்விட்டான் என்றான் ஒருவன். குண்டு விழுந்தது என்றான் இன்னொருவன். கண்ணால் கண்டேன் என்று ஒருவனும் சொல்லவில்லை.

தேவசகாயம் பையன்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மனைவியை இழந்தவர். நான் கத்தினால் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பிறகு "சரி, இப்ப என்ன செய்யலாம்" என்று கேட்பார். எனக்கு அது போதும். அவருக்கும் நான் போதும் என்று சொல்லிவிட்டார். நடுவில் நின்றது அந்தக் காகிதம்தான்.

புதுச்சேரியில் கடற்கரையில் இருக்கும் இங்கிலீஷ் கன்சல் பங்களாவுக்குச் சாமியார் இரண்டு முறை எழுதிக் கேட்டார். பிரெஞ்சுக்காரன் சீமைக்குப் போன நம் பக்கத்து ஜனங்களின் விவகாரம் எல்லாம் அந்த ஆபீஸுக்குத்தான் போகும். முடியப்பன் என்ற பேரில் எவரைப் பற்றியும் தகவல் இல்லை என்று இரண்டு முறையும் ஒரே வரியில் பதில் வந்தது. நேரில் போங்கள், பெற்ற தாயையும் கூட்டிக்கொண்டு போங்கள், தாய் வாக்குமூலத்துக்கு மதிப்பு உண்டு என்றார் சாமியார்.

பெற்ற தாய் என்றால் என் மாமியார் பெரியநாயகம். எனக்கும் அவளுக்கும் அப்போது ஒரு மாதமாகப் பேச்சு இல்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்பது அவள் கட்சி. நான் தேவசகாயத்தைக் கட்டிக்கொள்வதற்காக அவனைச் சாகடிக்கிறேன் என்று கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொன்னவள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. போய்க் கேட்டதும் சேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஒனக்காக வரல. எம் மவன் எங்க இருக்கான்னு அந்தத் தொரகிட்டயே கேக்கப்போறேன். கேட்டு, கையோட இட்டாறேன். அப்ப ஒம் மூஞ்சிய எங்க வெச்சிக்கறேன்னு பாக்கறேன்" என்றாள்.

அரியலூர் வரைக்கும் மாட்டுவண்டி. அங்கிருந்து ரயில். விழுப்புரத்தில் இறங்கிப் புதுச்சேரி ரயில் ஏறினோம். எல்லையில் சுங்கக்காரன் எங்கள் கட்டுச்சோற்று மூட்டையைக்கூட விரலால் குத்திப் பார்த்தான். அந்தச் சோற்றை நான் தின்னவில்லை. மாமியார் தின்றாள். தின்றுகொண்டே, மகனுக்குப் புளிச்சோறு எவ்வளவு பிடிக்கும் என்று பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். இருக்கிறான், வந்துவிடுவான் என்று அந்தப் பெண்ணும் ஆறுதல் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடலை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பார்த்து மலைத்து நிற்கிற மனநிலையில் நான் இல்லை. மாமியார்தான் ரோட்டோரத்தில் நின்றுவிட்டாள். "இம்மாந் தண்ணியத் தாண்டியா போனான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. அதை நான் வெளியே காட்டவில்லை.

கன்சல் பங்களா நூறு வருஷத்துக் கட்டடம் என்று வண்டிக்காரன் பெருமையாகச் சொன்னான், ஏதோ அவன் பாட்டன் கட்டியதுபோல. வெள்ளை வெளேரென்ற பெரிய பெரிய தூண்கள். ஆள் உயரத்துக்குப் பச்சைப் பலகை அடித்த ஜன்னல்கள், எல்லாம் கடலைப் பார்த்துத் திறந்திருந்தன. மாடியில் கொடி. முன்வாசலில் அகலமான படிகள் கடலை நோக்கி இறங்கின. நாங்கள் அதில் கால் வைத்ததும் ஒரு சேவகன் ஓடி வந்தான்.

"மனு குடுக்கறவங்க இப்படி வரக்கூடாதும்மா. சுத்திக்கிட்டுப் பின்னால வாங்க."

அழகான முகம் கப்பலில் வருகிறவனுக்கு, முதுகு எங்களுக்கு. பின்பக்கம் காரை பெயர்ந்து, சாக்கடை ஓரத்தில் ஒரு நீளமான தாழ்வாரம். அதில் கொத்தனார், கப்பல் கூலி, கைக்குழந்தைக்காரி என்று எத்தனையோ பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அங்கிருந்து கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. இந்தக் கட்டடத்தைக் கட்டியவன் யோசித்துத்தான் கட்டியிருக்கிறான்.

சேவகன் நல்ல மாதிரி. எங்கள் கழுத்தில் இருந்த ஜெபமாலையைப் பார்த்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து பேசினான்.

"நானும் வேதக்காரன்தாங்க. எம்பேரு ஞானப்பிரகாசம். இங்க லூயின்னாத்தான் தெரியும். பிரெஞ்சுக்காரன் பதிவுல நம்ம பேரு எதுவும் நம்ம பேரா இருக்காது. கொஞ்சம் இருங்க, துபாஷி ஐயா வந்துரட்டும். தொரைக்குத் தமிழ் வராது. துபாஷிதான் எல்லாம் பேசுவாரு. எத்தியேன்னு பேரு."

"அது என்ன பேருய்யா?" என்றாள் மாமியார்.

"நம்ம முடியப்பர்தாம்மா. முடியப்பரத்தான் அவங்க எத்தியேன்னு சொல்லுவாங்க."

மாமியார் முகம் மலர்ந்துபோயிற்று. என் பக்கம் திரும்பி, ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நேராகப் பேசினாள். "கேட்டியாடி? எம் மவன் பேரு. நல்ல சகுனம்."

சைகோனில் அவனை யார் முடியப்பன் என்று கூப்பிட்டிருப்பார்கள்? சாமியார் அனுப்பிய இரண்டு கடிதத்திலும் முடியப்பன் என்று எழுதித்தானே கேட்டோம்? வேறு பேரில் தேட வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, சாமியாருக்கும் தோன்றவில்லை. உள்ளே போனதும் எத்தியேன் என்ற பேரில் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

துரையின் அறையில் கடல் முழுவதும் இருந்தது. மூன்று ஜன்னலிலும் கடல். மேலே மின்விசிறி, சுவரில் ராஜா படம், பெரிய மேசைக்குப் பின்னால் சிவந்த முகத்தோடு துரை. எங்களைப் பார்த்துப் புன்னகைத்து நாற்காலியைக் காட்டினார். நாங்கள் உட்காரவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, வெள்ளைக் கால்சட்டையும் கோட்டுமாக, கையில் காகிதக் கட்டோடு துபாஷி உள்ளே வந்தான்.

கொஞ்சம் பருத்திருந்தான். மீசை இல்லை. மற்றபடி அதே ஆள்.

எங்களைப் பார்த்ததும் அவன் கால் நின்றது. அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் மேசையருகே போய் நின்று, துரைக்கு ஒரு வணக்கம் வைத்து, எங்கள் பக்கம் திரும்பி, அச்சடித்த தமிழில் கேட்டான்: "தங்கள் பெயர் என்ன? எந்த ஊர்?"

பெற்ற தாயைப் பார்த்துக் கேட்டான்.

மாமியார் ஓர் அடி முன்னால் வந்தாள். கை தானாக அவனை நோக்கி நீண்டது. "ஏ ராசா" என்று தொடங்கினாள். அவன் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு, ஏதோ சட்டத்தை விளக்குகிறவன் மாதிரி, முகத்தில் ஒன்றுமே தெரியாமல், எங்கள் ஊர்ப் பேச்சுக்கு இறங்கினான்.

"அம்மா, பேரு சொல்லிக் கூப்புடாத. தொரைக்கு அது புரிஞ்சிரும். எனக்கு இங்க குடும்பம் இருக்கு. சைகோன்லயே கோயில்ல கட்டிக்கிட்டேன், இந்த ஊருப் பொண்ணு. ரெண்டு புள்ளைங்க. மொதக் கல்யாணம் தெரிஞ்சா வேல போயிரும், செயிலுக்கும் போயிருவேன். ஒங்களுக்கு என்ன வேணும்னு தெரியும். செத்துட்டான்னு சொல்லுங்க. சைகோன்ல நாந்தான் பொதச்சேன்னு சாட்சி கையெழுத்துப் போட்டு இப்பவே காகிதம் வாங்கித் தரேன். எல்லாருக்கும் நல்லது."

துரை பொறுமையாகப் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். தம் துபாஷி ஏழைகளுக்கு எவ்வளவு நிதானமாக எடுத்துச் சொல்கிறான் என்று நினைத்திருப்பார்.

எனக்கு இங்கிலீஷ் அதிகம் வராது. ஆனால் மூன்றாம் வகுப்புக்குச் சொல்லித்தருகிற அளவு வரும். திஸ் மேன் இஸ் மை ஹஸ்பெண்ட். அவ்வளவுதான் சொல்ல வேண்டும், அவன் ஒழிந்தான். அந்த வார்த்தைகள் வரிசையாக என் நாக்கில் வந்து நின்றன. சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் அதில் இருந்த இன்னொரு விஷயம் உறைத்தது. சொன்னால் அவன் என் புருஷன். இவன் ஜெயிலுக்குப் போனாலும், வெளியே வந்தாலும், என்னை ஏறெடுத்துப் பாராமலே போனாலும், சாகிற வரைக்கும் இவன்தான் என் புருஷன். தேவசகாயம் கிடையாது. சொல்லாவிட்டால் இந்த நாய் கோட்டுப் போட்டுக்கொண்டு கடல்காற்று வாங்கும். இரண்டில் எது என்று யோசிக்க எனக்கு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அதற்குள் மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கிழட்டுக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"நீ வாயத் தொறக்காத. இது நான் சொல்ல வேண்டியது."

பிறகு மகனைப் பார்த்தாள். பாதம் முதல் தலை வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"துபாஷி ஐயா, நான் சொல்றத அப்படியே தொரைக்குச் சொல்லுங்க. நான் வவுத்துல சொமந்து, முடியப்பன்னு பேரு வெச்சு, நாலு எழுத்துப் படிக்க வெச்ச மவன் செத்துட்டான்."

பெற்றவள் வாயிலிருந்து வந்த "ஐயா" அவன் கன்னத்தில் அறைந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. இங்கிலீஷில் சொன்னான். டெட் என்ற சொல் என் காதில் விழுந்தது. துரை முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"எப்படித் தெரியும்னு கேக்கறாரு" என்றான்.

"எங் கண்ணால பாத்தேன்னு சொல்லு."

அதை அவனால் சொல்ல முடியவில்லை. இருமினான். பிறகு வேறு எதையோ சொன்னான், தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். தானே கூட இருந்து அடக்கம் செய்ததாகச் சொன்னான்போல. துரை தலையாட்டிக்கொண்டே எழுதினார். முத்திரை குத்தினார். சாட்சிக்கான இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். கடைசியில் ஒரு சுழிப்பும் போட்டான். அதை நான் கவனித்தேன், மறக்கவும் மாட்டேன்.

துரை எழுந்து நின்று மாமியாருக்கு அனுதாபம் சொன்னார். அதையும் அவனே தமிழில் சொன்னான்.

பின்வாசல் வரைக்கும் வந்துவிட்டோம். பின்னாலேயே ஓடி வந்தான். தாழ்வாரத்தில் ஆட்கள் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அம்மா" என்றான். அவள் திரும்பவில்லை. நான் திரும்பினேன்.

"சாமியாரு ரெண்டு தடவ எழுதிக் கேட்டாரே, பதில் எழுதினது நீதான?"

ஆமாம் என்று தலையாட்டினான்.

"செத்துட்டான்னாவது எழுதித் தொலச்சிருக்கலாம்ல?"

"அம்மா மனசு ஒடஞ்சிரும்னுதான்" என்றான்.

இதை அவன் நிஜமாகவே நம்பிச் சொன்னான் என்பதுதான் எனக்கு ஆத்திரம். அம்மாவின் மனசு உடையாமல் இருக்க நான் இன்னும் ஒன்பது வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க வேண்டும். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். கையை இறக்கிக்கொண்டேன்.

"செத்தவன் எதுக்கு வாசல் வரைக்கும் வர? உள்ள போ" என்றேன்.

போய்விட்டான். போகச் சொன்னதும் போகிறவன்தான் அவன், எப்போதுமே.

மாமியார் கடற்கரையில் மணலில் உட்கார்ந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு, ஊரில் சாவு விழுந்தால் எப்படி அழுவாளோ அப்படி அழுதாள். பிறந்தது, தவழ்ந்தது, அம்மை போட்டு எழுந்தது, கப்பல் ஏறியது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதாள். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாடியில் அந்தப் பச்சை ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன, அவனுக்குக் கேட்டிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முந்தானை காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

ரயிலில் அவளிடம் கேட்டேன். "அத்தே, இவன் உசுரோட இருக்கறது தெரிஞ்சு நான் எப்படிங்க இன்னொரு தாலிக்குக் கழுத்த நீட்டறது? பாவம் இல்லையா?"

"நீ ஒண்ணும் சொல்லலியே. சொன்னது நானு. பாவம்னா எனக்கு."

அப்படி எல்லாம் பாவத்தைப் பங்கு பிரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சாமியாரிடம் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

சாமியார் காகிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மாமியாரைத் தேற்றினார். முடியப்பனின் ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைத்தார். கறுப்பு உடை போட்டுக்கொண்டு வைத்த அந்தப் பூசையில் மாமியார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஞாயிறே முதல் ஓலை வாசித்தார்கள்.

அன்று பூசையில் சாமியார் ஒவ்வொருவர் நாக்கிலும் அப்பம் வைத்து நன்மை கொடுக்கிற நேரத்தில் மாமியார் எழுந்திருக்கவில்லை. ஒரு ஞாயிறுகூட நன்மை வாங்காமல் வீடு திரும்பாதவள் அவள். காய்ச்சலோடுகூட, நன்மைக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் பூசைக்கு வருகிறவள். அடுத்த ஞாயிறும் எழுந்திருக்கவில்லை. மருமகள் தாலி கட்டிக்கொள்வது பொறுக்காமல் வீம்பு பிடிக்கிறாள் என்று ஊர் பேசியது. அவள் காதுபடவே பேசியது. நான் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"எழுந்து போனா என்னங்க அத்தே? ஊரு என்ன பேசுது தெரியுமா?"

"பேசட்டும்" என்றாள். முறத்தில் கம்பைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். "செஞ்ச பாவத்தச் சாமியாருகிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணாம நன்ம வாங்கக் கூடாது. பண்ணினா, போயி உண்மையச் சொல்லிட்டு வான்னுவாரு சாமியாரு. சொன்னா ஒங் கல்யாணம் நின்னுபோவும். அதான் வாங்கல. இதுல சண்ட போட என்ன இருக்கு?"

"எத்தினி நாளைக்கு இப்படி?"

"நீ அந்த வாத்தியாரோட நல்லா இருக்கற வரைக்கும்."

நரகத்தில் விழுவோம் என்று நிஜமாகவே நம்புகிறவள் அவள். அந்தப் பயத்தோடுதான் சொன்னாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது, உலுக்க வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் செய்யாமல் முறத்தை வாங்கி நானே புடைத்தேன்.

தபசு காலத்துக்கு முந்தின வாரம் எனக்கும் தேவசகாயத்துக்கும் கல்யாணம். பூசையில் நாங்கள் இரண்டு பேரும் முழந்தாளிட்டு நன்மை வாங்கினோம். எங்களுக்குப் பிறகு ஊரே எழுந்து வந்தது. மாமியார் மட்டும் பெண்கள் பக்கம் தரையில், தூணோரத்தில், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். புதுச்சேரியில் எத்தியேன் ஞாயிறுதோறும் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய், முதல் வரிசையில் நின்று நன்மை வாங்கிக்கொண்டு இருப்பான்.